கொழுந்தா, பழமா, கொட்டையா: மூன்று புளியமரத்துக்கு ஒரு கணக்கு

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் அத்தைக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. ராகியும் கொள்ளும் மாற்றி மாற்றிப் போடுகிற மண். வரப்போரமாக மூன்று புளியமரம், மாமாவின் தாத்தா நட்டவை. ஆடியில் பிஞ்சு தெரிந்ததும் குத்தகைக்காரர் வருவார். மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பார், மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்வார். மாசி, பங்குனியில் ஆள் கூட்டி வந்து உலுக்கி, மூட்டை கட்டிக்கொண்டு போவார். அத்தை கையில் கொஞ்சம் காசு, வீட்டுச் செலவுக்கு ஒரு கூடை புளி. இருபது வருஷமாக இப்படித்தான் ஓடியது.

போன மாதம் நான் போயிருந்தபோது அத்தை கேட்டார். "ஏன் கண்ணு, இந்த வருஷம் நாமளே எடுத்துக்கலாமான்னு பாக்கறேன். கொழுந்து, காய், கொட்டை எல்லாத்துக்கும் இப்ப ஆள் வந்து கேக்கறாங்க. நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, எதுல என்ன சத்து இருக்குது, எதை வீட்டுக்கு வெச்சுக்கறது, எதை விக்கறதுன்னு சொல்லேன்."

உட்கார்ந்து பார்த்தால், ஒரே மரத்தில் ஒரு கீரையும் ஒரு புளிப்புச் சரக்கும் ஒரு பயறும் சேர்ந்து காய்க்கிற மாதிரி இருக்கிறது. மூன்றின் சத்தும் வேறு, அதை எடுக்கிற பாடும் வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வரப்புக்கு வரப்பு புளியமரம் நிற்கிறது. அத்தை கேட்ட கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புளியமரத்தின் பூர்விகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியல் சொல்கிறது. ஆனால் இந்த மண்ணுக்கு அது வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அரபு வணிகர்கள் இதற்கு வைத்த பெயரே 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. டாமரிண்ட் என்ற ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இங்கே இதை வந்த மரம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

நூறு கிராமும் ஒரு எலுமிச்சை அளவும்

சத்து அட்டவணைகள் எல்லாம் நூறு கிராமுக்குத்தான் கணக்குச் சொல்லும். புளியம்பழத்தின் சதை நூறு கிராமில் சுமார் 239 கலோரி, 62 கிராம் மாவுப்பொருள், 2.8 கிராம் புரதம், 628 மில்லிகிராம் பொட்டாசியம், 92 மில்லிகிராம் மக்னீசியம், 74 மில்லிகிராம் கால்சியம், 2.8 மில்லிகிராம் இரும்பு. படிக்கும்போது அசந்துபோவோம். "புளியில் இவ்வளவு சத்தா" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகள் எல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் வருகின்றன.

ஆனால் நூறு கிராம் புளியை யார் ஒரு நாளில் சாப்பிடுகிறார்கள்? எங்கள் வீட்டில் நான்கு பேருக்குக் குழம்பு வைக்க ஒரு எலுமிச்சை அளவு புளி போதும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 30 கிராம் காட்டியது. அப்படியானால் ஒரு ஆளுக்கு ஏழெட்டு கிராம். அதில் கிடைக்கிற இரும்பு 0.2 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன அளவு. பொட்டாசியம் ஐம்பது மில்லிகிராம்கூட வராது. பி1 வைட்டமின் நூறு கிராமுக்கு 0.4 மில்லிகிராம் என்று நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஏழு கிராமில் அதுவும் தூசிதான்.

அதனால் நான் எல்லாவற்றையும் ஒரு ஆள் ஒரு வேளைக்கு உண்மையில் தின்கிற அளவை வைத்து ஒப்பிட்டேன். அப்படி ஒப்பிட்டதும் கணக்கே மாறிப்போனது.

பழம்: சத்துக்கு இல்லை, புளிப்புக்கு

பழத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயாக இருக்கும்போது பல்லைக் கூசவைக்கிற அமிலம், பழுக்கப் பழுக்கக் குறைந்துகொண்டே வரும், இனிப்பு ஏறும். பெரும்பாலான பழங்கள் இப்படித்தான். புளி அப்படி இல்லை. அதில் இருக்கிற முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். பழுக்கும்போது சர்க்கரை ஏறுகிறது, ஆனால் டார்டாரிக் அமிலம் சிதைவதில்லை, அப்படியே நிற்கிறது. முற்றிய சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை இந்த அமிலம். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகள் 25 முதல் 45 சதவீதம் வரை. இவ்வளவு சர்க்கரையும் இவ்வளவு அமிலமும் ஒரே பழத்தில் இருப்பது அரிது. அமிலத்தில் ஒரு பெரும் பகுதி பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. நல்ல பழத்தை வாயில் போட்டால் முதலில் புளிப்பும் பின்னால் இனிப்புமாக வருவது இதனால்தான்.

பழுக்கும்போது சதை தண்ணீரை இழந்து சுருங்கும். ஓடு சுருங்காது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, ஆட்டினால் உள்ளே கலகலக்கும். ஒட்டாமல் வாழ்கிறவர்களைப் 'புளியம்பழமும் ஓடும் மாதிரி' என்று சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இருக்கிற சங்கதி இந்தத் தண்ணீர்க் கணக்குதான். ஓடு ஒட்டியிருக்கும்போதே பறித்த காயில் ஈரம் அதிகம். அதை மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். உலுக்குகிற நாளைக் குத்தகைக்காரர் தள்ளித் தள்ளிப் போடுவதில் இந்த நியாயம் இருக்கிறது.

புளிப்பு செய்கிற வேலைகளைப் பாருங்கள். கட்டுச்சோற்றுக்குப் புளிசாதம் கட்டினால் மறுநாள் வரை தாங்குவது, கெடுக்கிற கிருமிகளுக்கு அந்த அமிலம் ஆகாது என்பதால். ஒகேனக்கலில் ஆற்று மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். புளி கரைத்து ஊற்றியதும் மீனின் கவிச்சி அடங்கிவிடும். கவிச்சிக்குக் காரணம் மீனில் உண்டாகிற அமீன் என்ற காரப் பொருட்கள். அமிலம் அவற்றைப் பிடித்து உப்பாக்கிவிடுவதால் காற்றில் கிளம்பி மூக்குக்கு வராது. வகுப்பில் அமில, கார வினை நடத்தும்போது நான் சொல்கிற முதல் உதாரணம் இதுதான். பிள்ளைகள் மறப்பதே இல்லை.

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்து இரும்பு குழம்பில் கரைந்து இறங்கும். புளியில் இருக்கிற 0.2 மில்லிகிராமை விட இது நமக்கு அதிகம் பயன்படும். அத்தை வீட்டில் இரும்புச் சட்டி பரணில் கிடந்தது. இப்போது அடுப்புக்கு வந்துவிட்டது. ஆனால் இதே அமிலம் செம்பையும் கரைக்கும். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளப்பது அதனால்தான். ஈயம் பூசாத பித்தளை, செப்புப் பாத்திரத்தில் புளி ஊறவைப்பது கூடவே கூடாது.

அடுத்தது நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது, பல்லையும் எலும்பையும் கெடுப்பது. பல்லில் பழுப்புக் கறையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததற்கு இந்த ஃபுளோரைடு பாதிப்பே முக்கியக் காரணம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி 18 நாள் கொடுத்துப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீர் வழியாக ஃபுளோரைடு வெளியேறுவது கூடியது. மக்னீசியமும் துத்தநாகமும் வெளியேறுவது குறைந்தது. 10 கிராம் என்பது நம் குழம்பில் ஒரு ஆளுக்கு விழுகிற அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கவனியுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் போர்த் தண்ணீரையே குடித்துக்கொண்டு புளியைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். வெளியேற்றம் கூடுகிறது என்பதுவரைதான் அந்த ஆய்வு. வளைந்த எலும்பு நிமிரும் என்றோ, கறை படிந்த பல் வெளுக்கும் என்றோ அது சொல்லவில்லை. ஃபுளோரைடு இல்லாத தண்ணீர்தான் மருந்து. அந்தத் தண்ணீர் வந்துவிட்ட வீட்டில் நம் பழைய சாப்பாட்டுப் பழக்கமும் ஒரு கை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுப்புளி, பழம்புளி, டப்பாப் புளி

வீட்டுக்கு எதை வைப்பது என்பதில் இதுவும் ஒரு கேள்வி. புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். வருஷம் போகப் போகக் கறுக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல வினைபுரிந்து கறுப்பாவதுதான் அது. ரொட்டி சிவப்பதும் ஏறக்குறைய இதே வினை. டார்டாரிக் அமிலம் குறைவதில்லை, அதனால் பழம்புளியிலும் புளிப்பு போகாது. போவது மணமும் நிறமும். ரசத்துக்குப் புதுப்புளி, வற்றல் குழம்புக்கு ஒரு வருஷம் ஆன புளி என்று அத்தை பிரித்து வைத்திருப்பது சரியான கணக்கு.

பானையில் அடுக்கும்போது பத்து கிலோ புளிக்கு ஒரு கிலோ கல்லுப்பு என்பது அத்தையின் அளவு. பூச்சி வராது, ஈரம் கட்டுப்படும், எல்லாம் சரி. ஆனால் அந்தப் புளியை 30 கிராம் கரைத்தால் இரண்டரை கிராமுக்கு மேல் உப்பு ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டது. அதற்கு மேல் வழக்கம்போல உப்புப் போடுகிறோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற மாமாவுக்காக இந்த வருஷம் ஒரு பானை உப்பில்லாமல், நன்றாக வெயிலில் காயவைத்து, கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறோம்.

டப்பாவில் வருகிற புளி விழுது அவசரத்துக்கு உதவும். மரம் இருக்கிற வீட்டுக்கு அது எதற்கு?

கொழுந்து: நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான்

பங்குனியில் பழம் உலுக்கி முடித்ததும் மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கும். முதல் நாலைந்து நாள் கொழுந்து பச்சையாகவே இருக்காது, செம்பு கலந்த இளம் சிவப்பாக இருக்கும். சின்னச் சின்ன இலைகள் இரண்டிரண்டாக முகம் பொத்தின மாதிரி மடிந்திருக்கும். காம்பை ஒரு கையில் பிடித்து, மறு கை விரலால் நுனியிலிருந்து அடிக்கு உருவினால் ஒரே இழுப்பில் அத்தனை இலையும் உள்ளங்கையில் வந்து விழும். நாலைந்து காம்பு உருவுவதற்குள் விரல் நுனியெல்லாம் புளிப்பு ஏறிவிடும். நக்கிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது.

இளங்கொழுந்து நூறு கிராமில் சுமார் 5.8 கிராம் புரதம், 101 மில்லிகிராம் கால்சியம், 140 மில்லிகிராம் பாஸ்பரஸ், 5.2 மில்லிகிராம் இரும்பு, 4 மில்லிகிராம் நயசின் என்ற பி3 வைட்டமின், 115 கலோரி. பழத்தோடு நூறுக்கு நூறு வைத்துப் பார்த்தால் இரும்பு இரண்டு மடங்குக்குள்தான். ஆனால் கொழுந்தைக் கீரையாகத் தின்கிறோம். நான்கு பேருக்குக் கடைசல் வைக்க 200 கிராம் போடுவோம், ஆளுக்கு 50 கிராம். அப்போது இரும்பு 2.6 மில்லிகிராம். குழம்புப் புளியில் கிடைத்த 0.2க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதின்மூன்று மடங்கு. கால்சியம் 50 மில்லிகிராம், புரதம் கிட்டத்தட்ட 3 கிராம்.

குறையையும் சொல்ல வேண்டும். கொழுந்தில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, கால்சியத்தில் ஒரு பங்கை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பாலக் கீரையில் இருப்பதோடு பார்த்தால் குறைவு. துவர்ப்புப் பொருட்கள் இரும்பு உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும், கொழுந்தின் புளிப்பு அமிலங்கள் சேர உதவும், இரண்டும் ஒரே இலையில். அதனால் 2.6 மில்லிகிராமும் ரத்தத்துக்குப் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருந்தாலே நல்ல பங்கு தேறும். வைட்டமின் சி நூறு கிராமுக்கு 3 மில்லிகிராம்தான், அதுவும் வேகும்போது போய்விடும். முருங்கைக் கீரையின் கால்சியம் 440 மில்லிகிராம், அதோடு போட்டி போட முடியாது. இலையில் ஓரியன்டின், வைடெக்சின் என்ற ஃபிளாவனாய்டுகள் இருக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். அதை வைத்து நோய் தீரும் என்று விற்கிற பொடிகளை நான் வாங்க மாட்டேன்.

பிறகு ஏன் முதல் இடம்? காலம்தான் காரணம். பங்குனி, சித்திரையில் நம் கொல்லைகளில் என்ன பச்சை இருக்கிறது? கிணறு வற்றியிருக்கும், கீரைப் பாத்தி காய்ந்திருக்கும், கடையில் ஒரு கட்டு கீரை விலை கேட்டால் திரும்பி வந்துவிடுவோம். அந்த நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல், ஆழத்து வேரை நம்பி, தலை கொள்ளாமல் துளிர்த்து நிற்பது புளியமரம். களிக்குத் தொட்டுக்கொள்ள வேறு கீரை இல்லாத ஒன்றரை மாதத்தை இது நிரப்புகிறது. புளிப்பு அதிலேயே இருப்பதால் கடைசலுக்குத் தனியாகப் புளி வேண்டாம், தக்காளியும் வேண்டாம்.

ராகி நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியும் கொழுந்துக் கடைசலும் ஒரு தட்டில் சேர்ந்தால் அது ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். துவரம்பருப்போ தட்டைப்பயறோ கூடச் சேர்த்து வேகவைத்து, பூண்டு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் போட்டு மத்தால் கடைந்தால் புரதமும் சரியாகிவிடும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளில் இதையே சிந்தசிகுரு பப்பு என்று வைப்பார்கள். அவர்கள் இதை விருந்துக்குக்கூட வைக்கிறார்கள். நாம்தான் இங்கே கொஞ்சம் மறந்துவிட்டோம்.

நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி டப்பாவில் போட்டால் மழைக்காலம் வரை வரும். மணம் பாதி போய்விடும், தாதுச்சத்து போகாது.

ஒரு எச்சரிக்கை. பூங்கொத்து வருவது இந்தப் புதுத் துளிரின் நுனியிலும் ஓரத்திலும்தான். மரம் முழுக்கக் கொழுந்தை உருவினால் அந்த வருஷம் காய் குறையும். கைக்கு எட்டுகிற தாழ்ந்த கிளைகளில் மட்டும், நுனியை விட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. கொழுந்தை விற்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஓசூர்ச் சந்தையில் வாங்க ஆள் உண்டு, ஆனால் காலையில் பறித்தது சாயங்காலம் வாடிவிடும். மூன்று மரத்தை வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் ஓட முடியாது.

பூவும் பச்சைக் காயும்

பூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் இதழில் சிவப்பு நரம்பு ஓடுகிற அழகான பூ, தின்னலாம், துவையலும் அரைக்கலாம். வைட்டமின் சி நூறு கிராமுக்கு 14 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, கொழுந்தையும் பழத்தையும் விட அதிகம். ஆனால் புரதம் அரை கிராம், கால்சியம் 35 மில்லிகிராம். ஒரு கைப்பிடி பூவுக்காக எத்தனை காயை இழக்கிறோம் என்று பார்த்தால், உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.

பச்சைக் காயில் அமிலம் நிறைந்திருக்கும், சர்க்கரை இன்னும் ஏறியிருக்காது. கல்லுப்பு, பச்சை மிளகாய், மஞ்சள் சேர்த்து இடித்துத் தொக்குப் போட்டால் ஒரு வருஷம் கெடாது. இது ருசிக்கான பொருள், சத்துக்கு என்று சொல்ல மாட்டேன். கொட்டை இறுகுவதற்கு முன்னால் ஒரு முறம் காய் போதும்.

கொட்டை: மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு

நூறு கிலோ பழத்தை உடைத்தால் சதை சுமார் 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ. குத்தகைக்கு விடும்போது இந்த 34 கிலோவை நாம் நினைப்பதே இல்லை.

சின்ன வயதில் நாங்கள் நினைத்தோம். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடினோம். அடுப்புச் சாம்பலில் போட்டு வறுத்து, தோலை உடைத்து, பருப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். கல் மாதிரி இருப்பது ஒரு மணி நேரம் ஊறி மெல்ல இளகும். லேசான இனிப்பும் வறுத்த வாசனையுமாக மதியம் வரை வரும்.

அந்தப் பருப்பில் புரதம் 15 முதல் 20 சதவீதம், எண்ணெய் 6 முதல் 8 சதவீதம். புரதத்தில் கொள்ளுக்கு அருகில் வந்துவிடுகிறது. பஞ்ச காலத்தில் இதை வறுத்து ஊறவைத்து வேகவைத்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் வெளியே இருக்கிற பழுப்புத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிக அதிகம், அது வயிற்றைக் கட்டும், புரதம் செரிப்பதையும் தடுக்கும். பருப்பிலேயே டிரிப்சின் என்ற செரிமான நொதியை வேலை செய்யவிடாத பொருளும் இருக்கிறது. வறுத்தால், வேகவைத்தால் அது அடங்கும். அதனால் தோலோடு பச்சையாக அரைத்த புளியங்கொட்டைப் பொடியை யார் என்ன பெயரில் விற்றாலும் சாப்பிடாதீர்கள். காப்பித்தூளில் இதைக் கலப்படம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், வறுத்தால் நிறம் ஒத்துப்போகும் என்பதால்.

மீதி 65, 70 சதவீதம் மாவுப்பொருள் என்று அட்டவணை சொல்லும். அதில் பெரும்பகுதி ராகி, அரிசியில் இருக்கிற மாவுச்சத்து கிடையாது. சைலோகுளுக்கன் என்ற வேறு பொருள், குளுக்கோஸ் சங்கிலியில் சைலோஸும் காலக்டோஸும் கிளை கிளையாகத் தொங்குவது. அயோடின் பட்டால் நீலமாகி மாவுச்சத்து மாதிரியே ஏமாற்றும். நம் குடலில் அதை உடைக்கிற நொதி இல்லை, குடல் கிருமிகள்தான் அதைத் தின்னும். ஆக, உணவாகப் பார்த்தால் அது நார்ச்சத்து. வயிறு நிறையும், ராகி தருகிற தெம்பைத் தராது.

இதே பொருள்தான் கொட்டைக்குச் சந்தையில் மதிப்புக் கொடுக்கிறது. தண்ணீரில் காய்ச்சினால் கெட்டிப் பசையாகும். பருத்தி, சணல் ஆலைகளில் பாவுக்குக் கஞ்சியாகப் போவது இதன் மாவு. தக்காணத்துக் கம்பளி நெசவில் இந்தப் பசை பழைய வழக்கம். சர்க்கரையோடு சேர்ந்தால் ஜெல்லியாக உறையும் என்பதால் உணவுத் தொழிலிலும் வாங்குகிறார்கள். கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில்கூட இது இருக்கிறது. இவ்வளவும் இயந்திரத்தில் தோல் நீக்கி அரைத்தால்தான் முடியும். அம்மியிலும் மிக்சியிலும் முடிகிற வேலை இல்லை. கொட்டை விற்கிற சரக்கு, வீட்டுக்கு வைக்கிற சரக்கு இல்லை என்பது என் முடிவு. பிள்ளைகள் வறுத்துத் தின்ன ஒரு படி எடுத்து வைத்தால் போதும்.

சரி, குத்தகையா, சொந்தமா?

சொந்தமாக எடுப்பது என்றால் எவ்வளவு வேலை என்பதைப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்க்கிற வருஷத்தில் பெரிய மரம் ஒன்று 150 கிலோவுக்குக் குறையாமல் கொடுக்கும். மூன்றும் சேர்ந்தால் 450 கிலோ பழம், அதில் 250 கிலோ சதை. வீட்டுக்கு வேண்டியது தினம் 30 கிராம் வீதம் வருஷத்துக்கு 11 கிலோ. மீதியை ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, காயவைத்து விற்க வேண்டும். புளி தட்டுகிற பெண்களின் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகக்கண்ணெல்லாம் கறுத்து, விரல் நுனி வெடித்து, அந்த வெடிப்பில் புளி ஏறி எரியும். அத்தைக்கு வயது அறுபத்திரண்டு. தட்ட ஆள் வைத்தால் கூலி. நடுவில் ஒரு கோடை மழை பிடித்துக்கொண்டால் வாசலில் காயப்போட்ட சரக்கெல்லாம் கசிந்துவிடும். மரமும் ஒரு வருஷம் போல மறு வருஷம் காய்ப்பதில்லை.

வீட்டில் இரண்டு பேர் உழைக்க இருந்து, சிமென்ட் களமும் தகரக் கூரையும் இருந்தால் நான் மூன்று மரத்தையும் சொந்தமாக எடுக்கச் சொல்லியிருப்பேன். கொட்டை எடுத்த புளிக்கும் கொட்டையோடு இருக்கிற புளிக்கும் மண்டியில் விலை வேறு, கொட்டைக்குத் தனி விலை. உழைப்புக்கு அங்கே பலன் இருக்கிறது. அத்தையின் நிலைமையில் இரண்டைக் குத்தகைக்கு விட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது சரி என்று சொன்னேன். அந்த மரத்தின் பழம் நீளம், சதை வெளிர் நிறம், நார் குறைவு. அஞ்செட்டிப் பக்கத்து உரிகம் புளிக்கு நீளமான காய்க்காகப் பெயர் உண்டு. இதுவும் அந்த வகையில் வந்த விதையாக இருக்கும் என்பது மாமாவின் எண்ணம். ஒரு மரம் என்றால் 80 கிலோ சதை. மாசியிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து தட்டினால் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரியுமாகவே முடித்துவிடலாம்.

இன்னொன்றும் சொன்னேன். குத்தகை என்பது காய்க்குத்தான். கொழுந்தைக் குத்தகைக்காரர் எப்போதும் கேட்டதில்லை, நாமும் எடுத்ததில்லை. இருபது வருஷமாக அந்த மரத்தில் சத்துக் கணக்கில் முதல் இடத்தில் இருப்பதை நாம் சும்மா விட்டிருக்கிறோம்.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தாழ்ந்த கிளையை நான் வளைத்துப் பிடிக்க, அவர் நுனியை விட்டுவிட்டு உருவினார். அரை முறம் நிறைந்ததும் "போதும் கண்ணு, மரம் பூக்கணும்" என்று நிறுத்திவிட்டார். இரும்புச் சட்டியில் கடைசல், பெரிய உருண்டையாகக் களி. மாமா மூன்றாவது முறை கடைசல் கேட்டு வாங்கினார்.

ஆடியில் குத்தகைக்காரர் வந்தால் சொல்ல வேண்டியதை அத்தை ரேஷன் கார்டு வைக்கிற பையில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். தெற்கு மரமும் நடு மரமும் உங்களுக்கு. வடக்கு மரம் எங்களுக்கு. மூன்று மரத்திலும் கைக்கு எட்டுகிற கொழுந்து எங்களுக்கு. ஒரு முறம் பச்சைக் காய், ஒரு படி கொட்டை, அதைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.